ஆடிக்கூழ் அடுப்பும் புகைமூட்டமும்: கொஞ்சம் பழைய கதை



கோயில் அறிவிப்புப் பலகையில் போன வாரம் ஒட்டிய தாளைப் பற்றி நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். சிலர் நேரில் கேட்டீர்கள், சிலர் வாட்ஸ்அப்பில் கேட்டீர்கள். ஒரு பெரியவர் அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எங்களைப் பிடித்துச் சண்டை போட்டார். தாளில் இருந்தது மூன்றே வரி. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதான் நாம் எல்லாரும் ஐ.பி.யு. என்று சொல்வது, 100-ஐத் தாண்டும் நாட்களில் அன்னதானச் சமையல் கேஸ் அடுப்பில் மட்டும்தான் நடக்கும். பழைய மாலை, வாழையிலை, சருகு எதையும் கோயிலுக்குப் பின்னால் கொளுத்தமாட்டோம். பக்தர்களும் அந்த நாட்களில் வீட்டில் விறகோ குப்பையோ எரிக்காமல் இருந்தால் நல்லது.

பெரியவர் கேட்டது இதுதான்: "கடலுக்கு அந்தப் பக்கம் காட்டையே கொளுத்துறான். அவனைக் கேக்க ஆளில்ல. அம்மனுக்கு நாலு கட்டை விறகு வெச்சா உங்களுக்குப் புகையாப் போச்சா?"

நியாயமான கேள்வி. நின்ற இடத்தில் பதில் சொல்ல எங்களுக்கு வரவில்லை. அதனால் இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். ஒரு டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

விறகு நமக்குப் புதுசு இல்லை. எங்கள் தொண்டர் குழுவில் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். லயத்து வீட்டின் பின்புறம் ஒரு சமையல்கட்டு, அதில் மண் அடுப்பு, மேலே தகரக் கூரை முழுக்கக் கரி. ரப்பர் கட்டைதான் விறகு. காய்ந்த ரப்பர் கட்டை நன்றாக எரியும், ஈரமாக இருந்தால் கண்ணைப் பிடுங்கும். விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து அம்மாக்கள் அடுப்பை மூட்டிவிட்டுத்தான் பால்வெட்டுக்குப் போவார்கள். அந்த அம்மாக்களில் எத்தனை பேர் ஐம்பது வயதுக்குள் இழுப்பும் இருமலுமாகப் போனார்கள் என்று அப்போது யாரும் கணக்கெடுக்கவில்லை. வெற்றிலை போடுகிறாள், அதனால் இருமுகிறாள் என்று சொல்லிவிடுவார்கள். அடுப்புப் புகையை யாரும் ஒரு காரணமாகவே நினைத்ததில்லை. வீட்டுக்குள் விறகும் கரியும் எரிப்பதால் வரும் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் பெரும்பாலோர் நம் அம்மாக்களைப் போல ஏழை வீட்டு அடுப்படியில் நின்றவர்களும் அவர்கள் இடுப்பில் இருந்த பிள்ளைகளும்தான்.

தோட்டத்தில் இன்னொரு நெருப்பும் உண்டு. மறுநடவு சமயத்தில் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்து, குவித்து, கொளுத்துவார்கள். நாள் கணக்கில் எரியும். பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. 1980-களின் கடைசியில்தான் இந்த நாட்டுத் தோட்டங்களில் சிலர் மரத்தை எரிக்காமல், துண்டு துண்டாக்கி வரிசையாகப் போட்டு மண்ணிலேயே மக்கவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். முதலில் செலவு அதிகம் என்றார்கள். பிறகு மண்ணுக்கு உரம், எரிக்க நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டாம் என்று தெரிந்ததும் ஒத்துக்கொண்டார்கள். 1999-ல் ஆசியான் நாடுகள் கூடி, எரிக்காமல் நிலம் திருத்துவதுதான் எங்கள் கொள்கை என்று அறிவித்தன. கொள்கை காகிதத்தில் இருந்தது. காகிதத்துக்கு அந்தப் பக்கம் காடு எரிந்துகொண்டுதான் இருந்தது.

புகைமூட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம், தெரியாத இளையவர்களுக்காக. 1982, 83-ல் எல் நினோ வறட்சி வந்தபோது போர்னியோவின் கிழக்குக் கலிமந்தானில் 30 லட்சம் ஹெக்டருக்கு மேல் எரிந்தது. 1991, 1994 என்று மறுபடி மறுபடி வந்தது. 1995-ல் இந்தோனேசியாவில் அதிபர் சுகார்த்தோ மத்தியக் கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்கப் போகிறேன் என்று ஒரு திட்டம் போட்டார். சதுப்பு நிலத்தில் நீரை வடிக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். அந்த மண் சாதாரண மண் இல்லை. ஆயிரக்கணக்கான வருஷம் இலையும் வேரும் அழுகாமல் தண்ணீருக்குள் ஊறிக் கிடந்து உண்டானது. தண்ணீர் இருக்கிற வரை அது தீப்பிடிக்காது. தண்ணீரை எடுத்துவிட்டால் அது விறகுக்குச் சமம். மேலே தீ அணைந்தாலும் அடியில் வாரக் கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். நெல் விளையவில்லை. 1997-ல் எல் நினோ வந்தபோது நெருப்புத்தான் விளைந்தது.

1997 செப்டம்பர் 19-ஆம் தேதி சரவாக்கில் அவசரநிலை அறிவித்தார்கள். 23-ஆம் தேதி கூச்சிங்கில் குறியீடு 839. இந்த எண்ணின் அர்த்தம் தெரியாதவர்களுக்கு: 50 வரை நல்ல காற்று, 100 வரை சுமார், 101-லிருந்து 200 வரை உடம்புக்குக் கேடு, 300-ஐத் தாண்டினால் அபாயம். 500-க்கு மேல் போனால் அவசரநிலை. அங்கே 839. செப்டம்பர் 26-ல் மேடான் அருகே புகைமூட்டத்துக்கு நடுவே தரையிறங்க வந்த கருடா விமானம் விழுந்து 234 பேர் இறந்தார்கள். நம் போம்பா வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சுமத்ராவுக்குப் போய்த் தீயணைத்தார்கள்.

அந்த ஆண்டுக்குப் பிறகுதான் இங்கே சட்டம் இறுகியது. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 1998-ல் 29ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். திறந்தவெளியில் எரித்தால் 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று எழுதினார்கள். சின்னக் குற்றத்துக்கு அந்த இடத்திலேயே 2,000 வெள்ளி வரை சமரசத் தண்டம் என்று அப்போது இருந்தது. பெரிய தொகை தோட்ட முதலாளிக்கு, சின்னத் தொகை நமக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நடைமுறையில் யார் மாட்டுகிறார்கள்? வீட்டுக்குப் பின்னால் சருகு கொளுத்துகிறவன் புகை பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும், உடனே போன் போட்டுவிடுவார். நூறு ஹெக்டருக்கு நடுவே கொளுத்துகிறவனை யார் பார்ப்பது? பெரியவரின் கோபம் இந்த இடத்தில் சரி. இதை நாங்கள் மறுக்கவில்லை.

இப்போது 2005-க்கு வருகிறோம். இதை எழுத எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.

அந்த ஆகஸ்டு மாதம் ஆடி. கிள்ளான் பக்கம் இருப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும், எதிர்வீடு தெரியாது, பகலிலேயே லோரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடும், சட்டையெல்லாம் புகை நாற்றம். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: அதுவரை ஐ.பி.யு. எண்கள் அரசாங்க ரகசியம். சுற்றுலாப் பயணிகள் பயந்துவிடுவார்கள் என்று மறைத்து வைத்திருந்தார்கள். அந்த ஆகஸ்டில்தான் மந்திரிசபை முடிவெடுத்து எண்களைப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. வெளியிட்ட கையோடு 11-ஆம் தேதி வியாழக்கிழமை போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை. இரண்டு இடத்திலும் குறியீடு 500-ஐத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடம் மூடல், அலுவலகம் மூடல்.

மறுநாள் 12-ஆம் தேதி, ஆடி நான்காவது வெள்ளி. நம் கோயிலில் கூழ் ஊற்றும் நாள்.

கூழை நிறுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். ஒருவர்தான் கேட்டார். மற்ற நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். அம்மனுக்கு நேர்ந்த கூழ், மழை வேண்டி ஊற்றுகிற கூழ், இந்தப் புகை ஒழிய மழைதானே வேண்டும், இந்த வருஷம் பார்த்தா நிறுத்துவது என்று பேசினோம். அந்தப் பேச்சில் தப்பு இருப்பதாக இன்றும் நாங்கள் நினைக்கவில்லை. கூழ் ஊற்றியது தப்பில்லை. எப்படி ஊற்றினோம் என்பதுதான் தப்பு.

விறகுக்கு அந்த வருஷம் ரப்பர் கட்டை போதவில்லை. எங்களில் சிலர் வேலை செய்யும் தொழிற்சாலைகளிலிருந்து உடைந்த பேலட் பலகைகளை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். இலவசம், காய்ந்த கட்டை, நன்றாகப் பிடித்து எரியும். கப்பலில் வரும் பேலட் பலகையில் ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். எச்.டி. என்று இருந்தால் பூச்சி சாவதற்காகச் சூட்டில் பதப்படுத்திய கட்டை. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு அடித்தது. தினம் அந்த முத்திரையைப் பார்க்கிற வேலைதான் எங்களுக்கு. அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் இருந்தால் பார்த்திருப்போம், கோயில் என்றதும் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

விடியற்காலை நாலு மணிக்கு மூன்று அடுப்பு மூட்டினோம். வழக்கமாகக் கொட்டகையின் தகரத்துக்கு அடியில் புகுந்து புகை வெளியே ஓடிவிடும். அன்று ஓடவில்லை. காற்றே இல்லை. வெளியே இருந்த புகையும் அடுப்புப் புகையும் ஒன்றாகி, தலைக்கு மேல் துணி கட்டினது போல நின்றது. கூழ் கிண்டியவர் எங்கள் எல்லாருக்கும் பாட்டி முறை. பேர் சொல்லமாட்டோம், பழைய ஆட்களுக்குத் தெரியும். தோட்டத்தில் நாற்பது வருஷம் விறகடுப்பில் நின்றவர், புகை எனக்குப் பழக்கம்டா என்பார். கூழ் அடிபிடிக்கக் கூடாது என்பதால் கரண்டியை யாரிடமும் தரமாட்டார். ஆறு மணி வாக்கில் கரண்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம். காரில் ஏற்றி, விளக்குப் போட்டுக்கொண்டு, பத்து நிமிடப் பாதையை அரைமணி நேரம் ஊர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் கேட்டார்: இந்த நிலைமையில் அடுப்புக்குப் பக்கத்தில் எத்தனை மணி நேரம் நின்றார்? எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. ஒன்பது நாள் வார்டில் இருந்தார். போய்ப் பார்த்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "கூழ் அடிபிடிச்சிருச்சா?"

இல்லை பாட்டி, நல்லா வந்துச்சு என்று பொய் சொன்னோம். அடிபிடித்திருந்தது. அதைத்தான் ஊற்றினோம். அவர் அதற்குப் பிறகு அடுப்புப் பக்கம் வரவில்லை, வர முடியவில்லை. 13-ஆம் தேதியே அவசரநிலையை எடுத்துவிட்டார்கள். காற்று மாறியது, வானம் தெரிந்தது, எல்லாரும் மறந்துவிட்டோம்.

பெரியவர் கேள்விக்கு வருவோம். மொத்தப் புகையில் நம் அடுப்பு எத்தனை பங்கு? கொசு அளவுகூட இருக்காது. ஆனால் மூச்சு என்பது மொத்தப் புகையை வாங்குவதில்லை, மூக்குக்கு நேரே இருப்பதைத்தான் வாங்குகிறது. நூறு மைலுக்கு அப்பாலிருந்து வரும் புகை வழியில் விரிந்து கலந்து வருகிறது. நம் அடுப்புப் புகை மூன்று அடி தூரத்தில் அப்படியே வருகிறது. இரண்டிலும் இருக்கிற பொடி ஒன்றுதான். பி.எம். 2.5 என்று செய்தியில் சொல்கிறார்களே, அது ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியில் நிற்காது, இருமலில் வராது, நுரையீரலின் கடைசிவரை போய் ரத்தத்திலும் கலக்கும். இந்தப் பொடியை நம் ஐ.பி.யு. கணக்கில் சேர்த்ததே 2018-ல்தான்.

காற்று கெட்டிருக்கும் நாளில் வீட்டு நெருப்பை அணைக்கச் சொன்ன ஊர் நம் ஊர் மட்டும் இல்லை. இதைத் தேடிப் படித்தபோது எங்களுக்கே ஆச்சரியம்.

லண்டனில் 1952 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. நல்ல குளிர். ஒவ்வொரு வீட்டிலும் கணப்பில் நிலக்கரி எரிகிறது. போர் முடிந்து ஏழு வருஷம் ஆகியும் நல்ல நிலக்கரியை வெளிநாட்டுக்கு விற்றுவிட்டு, தூளும் தூசியுமான மட்டமான கரியைத்தான் வீட்டுக்குக் கொடுத்தார்கள். மேலே ஒரு சூடான காற்றடுக்கு சட்டிக்கு மூடி போட்டது போல உட்கார்ந்துகொண்டது. ஐந்து நாள் புகை நகரவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் பந்தம் பிடித்து நடந்தார். கால்நடைக் கண்காட்சிக்கு வந்த மாடுகள் மூச்சுத் திணறிச் செத்தன. ஒரு நாடக அரங்கில் உள்ளே புகுந்த புகையால் மேடை தெரியவில்லை என்று இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். இறந்தவர்கள் 4,000 பேர் என்று முதலில் கணக்கிட்டார்கள். பின்னாளில் ஆய்வாளர்கள் சுமார் 12,000 என்றார்கள்.

அங்கேயும் இதே சண்டைதான் நடந்தது. தொழிற்சாலைப் புகைபோக்கியை விட்டுவிட்டு ஏழை வீட்டுக் கணப்பைப் பிடிக்கிறீர்களா என்று கேட்டார்கள். வெள்ளைக்காரனுக்கு அந்தக் கணப்பு லேசுப்பட்ட விஷயம் இல்லை. நமக்குப் பூஜை அறை போல அவனுக்கு அது வீட்டின் நடுவிடம். ஜார்ஜ் ஆர்வெல் என்ற பெரிய எழுத்தாளர் 1945-ல், குடும்பம் கூடி உட்காரத் திறந்த கணப்பு வேண்டும் என்று அதற்கு வக்காலத்து வாங்கிக் கட்டுரையே எழுதினார். ஆனால் சர் ஹியூ பீவர் தலைமையில் அமைத்த குழு, ஆலைப் புகையோடு வீட்டுக் கணப்பும் சேர்ந்துதான் குற்றவாளி என்று அறிக்கை கொடுத்தது. 1956-ல் சுத்தமான காற்றுச் சட்டம் வந்தது. ஊரை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, இந்த வட்டாரத்து வீடுகளில் புகையாத எரிபொருள் மட்டும்தான் என்று அறிவித்தார்கள். இதில் நமக்குப் பிடித்த இடம் இதுதான்: மாற்று அடுப்பு வைக்கும் செலவில் பெரும்பங்கை அரசாங்கமும் நகராண்மைக் கழகமும் ஏற்றுக்கொண்டன. அணை என்று மட்டும் சொல்லவில்லை, வேறு அடுப்பும் கொடுத்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் லான்செஸ்டன் என்று ஓர் ஊர். பள்ளத்தாக்கில் இருக்கிறது. குளிர்காலத்தில் மூன்றில் இரண்டு வீடுகளில் விறகடுப்பு. ஊரைச் சுற்றி மரம், விறகு மலிவு, அப்பன் பாட்டன் காலத்துப் பழக்கம். 2001-ல் பிரச்சாரமும் பண உதவியும் கொடுத்து அடுப்பை மாற்றச் சொன்னார்கள். சில வருஷத்தில் விறகடுப்பு வீடுகள் 66 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காட்டுக்கு இறங்கின. குளிர்காலக் காற்றில் தூசி ஒரு கன மீட்டருக்கு 44 மைக்ரோகிராமிலிருந்து 27-ஆகக் குறைந்தது. பிறகு சாவுக் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். 2013-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது: அந்த ஊர் ஆண்களின் இறப்பு 11 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. பெண்களிடம் அத்தனை தெளிவான மாற்றம் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள், அதனால்தான் எங்களுக்கு அந்தக் கணக்கின் மேல் நம்பிக்கை.

கலிஃபோர்னியாக் கதை நமக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 2008-லிருந்து ஒரு விதி. குளிர்காலத்தில் காற்று கெடும் என்று அறிவித்த நாளில் வீட்டில் விறகு எரிக்கக் கூடாது. முதல் தடவை மாட்டினால் புகையைப் பற்றி ஒரு பாடம் படிக்க வேண்டும், அல்லது 100 டாலர் கட்ட வேண்டும். குளிருக்கு வேறு வழியே இல்லாத வீட்டுக்கு விலக்கு உண்டு. 2017, 2018-ல் அங்கே காடுகள் எரிந்தன. 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊரே சாம்பலாகி 85 பேர் இறந்தார்கள், அந்தப் புகை நூறு மைலுக்கு மேல் தாண்டி நகரத்தை மூடியது. அதாவது நம் நிலைமை: புகை எங்கிருந்தோ வருகிறது, வீட்டு விறகு அதில் துளி. அப்போது அந்த வட்டாரத்தார் என்ன செய்தார்கள்? காட்டுத் தீ இருக்கும்போது வீட்டு விறகு எம்மாத்திரம் என்று விதியைத் தூக்கிப் போடவில்லை. 2019-ல் அதைக் குளிர்காலத்துக்கு மட்டும் இல்லை, வருஷம் முழுக்க என்று நீட்டினார்கள்.

ஊரில் சென்னையிலும் இதே கதை. 2018 போகியன்று பழைய பொருளும் டயரும் எரித்த புகை பனியோடு சேர்ந்து விமானங்கள் தாமதமாகி, சில வேறு ஊருக்குத் திரும்பின. வருஷாவருஷம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று கெஞ்சுகிறது.

இங்கே சட்டத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. புகைமூட்டக் காலத்தில் சுற்றுச்சூழல் துறை தடை அறிவிக்கும்போது சிலவற்றுக்கு விலக்கு தருகிறது. பிணம் எரிப்பது, சமயச் சடங்கு, பார்பிக்யூ மாதிரி சில. அப்படியென்றால் நம் ஹோமத்துக்குத் தடை இல்லை. யாரும் வந்து நம்மை நிறுத்தப் போவதில்லை. "சட்டமே விடுது, நீங்க ஏன் விடமாட்டேங்கிறீங்க" என்று ஒரு தம்பி கேட்டார். சட்டம் விடுவது நம் சாமி மேல் உள்ள மரியாதைக்காக. அந்த மரியாதையை அன்னதானச் சமையலுக்கும் பின்பக்கம் குப்பை கொளுத்துவதற்கும் இழுத்துப் போர்த்தினால் எப்படி? பழைய மாலையைக் கொளுத்துவது சடங்கா? அதில் நைலான் நூலும் பிளாஸ்டிக் பூவும் பாதி. குருக்களிடம் கேட்டோம். ஹோமத்துக்கு நன்றாகக் காய்ந்த சமித்தும் நெய்யும்தான், புகைகிற ஈரக் கட்டையைப் போடுவது உங்கள் அவசரம், அதற்கு ஆகமத்தைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால் ஹோமம் நடக்கும். குண்டம் சிறியதாக இருக்கும், யாகசாலையில் மூன்று பக்கமும் திறந்திருக்கும், இருமல் உள்ளவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் தள்ளி உட்காரத் தனி இடம் போட்டிருக்கிறோம். தீபாராதனைக்கு வந்தால் போதும்.

2005-லேயே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2013 ஜூன் 23-ல் மூவாரில் 746 என்று அவசரநிலை வந்தபோது, அது ஜொகூர் என்று இருந்துவிட்டோம். 2015 அக்டோபரில் பள்ளிக்கூடங்களை மூடிய வாரங்களில் நவராத்திரி நடந்தது. கொலுவுக்கு வந்த பிள்ளைகள் வாய்மூடியோடு பாடினார்கள், நாங்கள் பின்னால் விறகில் சுண்டல் அவித்தோம். 2019 செப்டம்பரில் புரட்டாசிச் சனிக்கு முதல் தடவையாகக் கேஸ் அடுப்பு வைத்தோம், அதுவும் வாய்ப்பேச்சாக. எழுதி ஒட்டியது இந்தத் தடவைதான். எழுதாமல் விட்டால் அடுத்த நிர்வாகம் வரும்போது மறுபடி விறகு வரும், அது எங்களுக்குத் தெரியும்.

எரிக்கிற பெரிய கைகளை என்ன செய்வது? சிங்கப்பூர் 2014-ல் வெளிநாட்டில் எரித்துத் தன் நாட்டுக்குப் புகை அனுப்பும் கம்பெனிகளையும் நீதிமன்றத்துக்கு இழுக்கச் சட்டம் போட்டது. ஆசியான் புகைமூட்ட ஒப்பந்தம் 2002-ல் நம் கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது, இந்தோனேசியா அதை ஏற்க 2014 ஆனது, பன்னிரண்டு வருஷம். சிங்கப்பூர் மாதிரிச் சட்டம் இங்கேயும் வேண்டும் என்ற பேச்சு 2019-ல் பலமாக எழுந்து பிறகு அடங்கியது. உங்கள் வட்டார நாடாளுமன்ற உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கு மாலை போட வருகிறார் அல்லவா, அப்போது கேளுங்கள். நாங்களும் கேட்கிறோம். அதைக் கேட்பதற்கும் விறகை நிறுத்துவதற்கும் சண்டை இல்லை.

கேஸில் செய்த கூழில் அந்த வாசம் இல்லை என்று பலர் சொல்கிறீர்கள். உண்மைதான். விறகுக் கூழுக்கு ஒரு ருசி உண்டு, அதை இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். காற்று நன்றாக இருக்கிற ஆடி வெள்ளியில் விறகு உண்டு, ரப்பர் கட்டை மட்டும், மூன்று மாதம் முன்னாலேயே வாங்கிக் கொட்டகையில் காயப்போட்டிருக்கிறோம். பேலட் பலகை யாரும் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். எந்த அடுப்பு என்பதை முதல் நாள் சாயங்காலமும் மறுநாள் விடியற்காலை மூன்றரை மணிக்கும் ஐ.பி.யு. பார்த்து முடிவெடுப்போம். கூழ் கிண்டுபவர்கள் அரைமணிக்கு ஒருத்தர் மாற வேண்டும், வயதானவர்களுக்குக் கரண்டி கிடையாது, எவ்வளவு கெஞ்சினாலும்.

பெரிய கேஸ் அடுப்பு இரண்டு இருக்கிறது, மூன்றாவது வாங்க வேண்டும். உபயம் கொடுக்க நினைப்பவர்கள் வெள்ளிக்கிழமை அர்ச்சனை முடிந்து அலுவலகத்தில் ரசீது போட்டுக்கொள்ளலாம். பழைய மாலைகளை இனிமேல் கொடிமரத்துக்கு இடப்பக்கம் உள்ள நீலத் தொட்டியில் போடுங்கள், நூலைப் பிரித்துவிட்டுப் போட்டால் எங்களுக்கு வேலை மிச்சம். பூவை மக்கவைத்து நந்தவனத்துக்குப் போடுகிறோம்.

அந்தப் பெரியவர் இதைப் படித்தால்: ஐயா, அன்றைக்குப் பதில் சொல்லாமல் நின்றதற்கு மன்னிக்கவும். நாலாவது வெள்ளிக்கு வாங்க, கூழ் உண்டு.